5.4 விநாடி வேகமா, 1 லட்ச ரூபாய் கோடா? ஹோண்டாவின் புது 125 சிசி ஹார்னெட் மார்க்கெட்டில் ஓடுமா?

ஹோண்டா நிறுவனம் 2025 ஜூலை 23-ம் தேதி ஒரு புது பைக்கை அறிமுகம் செய்தது. பெயர் சிபி125 ஹார்னெட். அன்று சாயங்காலமே இன்ஸ்டாகிராம், யூடியூப் எங்கும் அந்தத் தங்க நிற ஃபோர்க்தான். "மாப்ள, இதைப் பாரு" என்று நண்பர்கள் குரூப்பில் உங்களுக்கும் ஒரு ரீல்ஸ் வந்திருக்கலாம்.

ஆகஸ்ட் 1 முதல் புக்கிங் தொடங்கும் என்று சொன்னது. ஆனால் பைக்கை காட்டிய ஹோண்டா, விலையை மட்டும் அன்று சொல்லவில்லை. இந்த பைக்கின் தலையெழுத்தே அந்த ஒரு நம்பரில்தான் இருந்தது. ஏன்? விரிவாகப் பார்க்கலாம்.

முதலில், வண்டியில் என்ன இருக்கு?

எஞ்சின் 123.94 சிசி. பவர் சுமார் 11 பிஎஸ், டார்க் 11.2 என்எம், 5 கியர். வண்டியின் எடை 124 கிலோ. பூஜ்ஜியத்திலிருந்து 60 கி.மீ. வேகத்தை 5.4 விநாடியில் எட்டும், இந்த செக்மென்ட்டிலேயே இதுதான் வேகமானது என்கிறது ஹோண்டா.

முன்பக்கம் தலைகீழ் டெலஸ்கோபிக் ஃபோர்க், அதாவது யுஎஸ்டி ஃபோர்க். பெரிய பைக்குகளில் பார்த்துப் பழகிய சமாச்சாரம் இது. முன்சக்கரத்தில் 240 மி.மீ. டிஸ்க், கூடவே சிங்கிள் சேனல் ஏபிஎஸ். பின்சக்கரத்தில் டிரம் பிரேக்தான். 4.2 இன்ச் டிஎஃப்டி திரை, ப்ளூடூத், நேவிகேஷன், போன் சார்ஜ் போட டைப்-சி போர்ட் எல்லாம் உண்டு.

பேப்பரில் பார்த்தால் குறை சொல்ல பெரிதாக ஒன்றுமில்லை. ஆனால் பேப்பரில் நன்றாக இருந்த வண்டிகள் எல்லாம் ரோட்டிலும் ஓடிவிடவில்லை என்பதுதான் 125 சிசி சந்தையின் வரலாறு.

'கம்யூட்டர் ஸ்போர்ட்' என்றால் என்ன?

நம்ம ஊரில் பைக் இரண்டு வகையாகத்தான் இருந்தது. ஒன்று, வேலைக்குப் போக. மைலேஜ் கொடுக்கும், செலவு வைக்காது, பார்க்க சாதாரணமாக இருக்கும். இன்னொன்று, ஆசைக்கு. பார்க்க மிரட்டலாக இருக்கும், பெட்ரோல் பங்க்கில் அதைவிட மிரட்டும்.

இந்த இரண்டுக்கும் நடுவில் பிறந்ததுதான் கம்யூட்டர் ஸ்போர்ட். உள்ளே இருப்பது 125 சிசி வேலைக்கார எஞ்சின், வெளியே போட்டிருப்பது ஸ்போர்ட்ஸ் பைக் சட்டை. பையனுக்கு லுக், அப்பாவுக்கு மைலேஜ். ஒரே வண்டியில் வீட்டில் இரண்டு பேரையும் சமாதானப்படுத்தும் ஏற்பாடு இது.

ஹோண்டாவுக்கு இது புது ஐடியாவும் இல்லை. 2008-லேயே சிபிஎஃப் ஸ்டன்னர் என்ற 125 சிசி பைக்கை கொண்டுவந்தது. பாதி ஃபேரிங் வைத்த, அந்தக் காலத்துக்கு ரொம்பவே ஸ்டைலான வண்டி. அடுத்த ஆண்டே ஃபியூயல் இன்ஜெக்ஷனும் கொடுத்தார்கள். கல்லூரி வாசலில் அதற்கு ரசிகர்கள் இருந்தார்கள். ஆனால் அந்த இடத்தைத் தொடர்ந்து பிடித்து வைக்க ஹோண்டாவால் முடியவில்லை.

அந்த இடத்தை யார் பிடித்தது?

பதில் ஓசூரில் இருக்கிறது. 2021 செப்டம்பரில் டிவிஎஸ் நிறுவனம் ரெய்டர் 125-ஐ அறிமுகம் செய்தது. ஆரம்ப விலை டெல்லி எக்ஸ் ஷோரூமில் 77,500 ரூபாய். டிஜிட்டல் மீட்டர், ரைடிங் மோட், கூர்மையான எல்இடி ஹெட்லைட் என்று அந்த விலையில் யாரும் எதிர்பார்க்காத விஷயங்களைக் கொடுத்தது. மூன்றே ஆண்டில் 10 லட்சம் வண்டிகள் விற்பனையானது. அதைக் கொண்டாடத்தான் 2024-ல் ரெய்டர் ஐகோ என்ற வேரியன்ட் வந்தது.

அதற்குப் பிறகு மற்றவர்கள் சும்மா இருப்பார்களா? 2024 ஜனவரியில் ஹீரோ, எக்ஸ்ட்ரீம் 125ஆர் பைக்கை 95,000 ரூபாய்க்கு இறக்கியது. அதே ஆண்டு ஜூலையில் பஜாஜ், உலகின் முதல் சிஎன்ஜி பைக்கான ஃப்ரீடம் 125-ஐ அதே 95,000-க்கு இறக்கியது. அக்டோபரில் பல்சர் என்125-ஐ 94,707 ரூபாய்க்கு கொண்டுவந்தது.

கவனித்தீர்களா? மூன்று வண்டிகளும் 95,000 ரூபாயை ஒட்டியே தொடங்கின. 1 லட்சம் என்ற கோட்டைத் தாண்டினால் வாடிக்கையாளர் ஒரு நொடி தயங்குவார் என்பது எல்லா கம்பெனிக்கும் தெரியும்.

அப்படியென்றால் ஹார்னெட் என்ன விலைக்கு வரும் என்று கணித்தோம்?

அப்போது ஹோண்டா சொல்லாவிட்டாலும், ஹோண்டாவின் மற்ற வண்டிகள் சொல்லின.

ஹார்னெட்டில் இருப்பது ஹோண்டாவின் எஸ்பி125 குடும்பத்து எஞ்சின்தான். அந்த எஸ்பி125 2024 டிசம்பரில் அப்டேட் ஆகி வந்தபோது, டிஸ்க் பிரேக் வேரியன்ட்டின் விலை 1,00,284 ரூபாய். அதில் யுஎஸ்டி ஃபோர்க்கும் இல்லை, ஏபிஎஸ்ஸும் இல்லை. அவை இரண்டும் இருக்கும் ஹார்னெட்டை அதைவிடக் குறைந்த விலைக்கு கொடுத்தால், எஸ்பி125-ஐ யார் வாங்குவார்கள்? சொந்த வீட்டுக்குள்ளேயே சண்டை மூட்டிவிட்ட கதையாகிவிடும்.

மேல் பக்கமும் ஒரு கூரை இருக்கிறது. ஹோண்டாவின் எஸ்பி160, அதே டிசம்பரில் 1,21,951 ரூபாய்க்கு வந்தது. 125 சிசி வண்டியின் விலை அதை நெருங்கிவிட்டால், "இன்னும் கொஞ்சம் போட்டு 160 எடுத்துடலாமே" என்றுதான் எவரும் யோசிப்பார்கள்.

ஆக, கீழே 1 லட்சம், மேலே 1.22 லட்சம். இந்த இரண்டுக்கும் நடுவில்தான் ஹார்னெட் நிற்க முடியும் என்று தோன்றியது. அப்போது நம் கணக்குப்படி 1.05 லட்சத்திலிருந்து 1.15 லட்சத்துக்குள் வர வாய்ப்பு அதிகமாக இருந்தது. 1 லட்சத்துக்குக் கீழே வந்திருந்தால் அது பெரிய சர்ப்ரைஸ்.

1 லட்சம் தாண்டினால் தமிழ்நாட்டில் என்ன ஆகும்?

இங்கதான் நம்ம ஊர் வாசகர்கள் கவனிக்க வேண்டிய விஷயம் ஒன்று இருக்கிறது. 1 லட்சம் என்பது மனசுக்குள் இருக்கும் கோடு மட்டும் இல்லை. தமிழ்நாட்டில் அது சாலை வரிக்கான கோடும் கூட.

2023 நவம்பரில் தமிழ்நாடு அரசு வாகன வரியை மாற்றியமைத்தது. அதன்படி 1 லட்சம் ரூபாய் வரையிலான புது பைக்குகளுக்கு ஆயுட்கால வரி 10 சதவீதம். 1 லட்சத்தைத் தாண்டினால் 12 சதவீதம்.

ஒரு சின்ன கணக்கு. 99,000 ரூபாய் வண்டிக்கு வரி தோராயமாக 9,900. 1,01,000 ரூபாய் வண்டிக்கு 12,120. வண்டியின் விலை 2,000 ரூபாய்தான் ஏறியது. ஆனால் வரியோடு சேர்த்து நம் கையிலிருந்து போவது 4,220 ரூபாய் அதிகம்.

ஜிஎஸ்டி கதை தனி. 2025 ஜூலையில் இந்த பைக்குக்கு 28 சதவீதம் ஜிஎஸ்டி இருந்தது. ஹார்னெட் 1,05,000 ரூபாய் எக்ஸ் ஷோரூம் விலைக்கு வருகிறது என்று வைத்துக்கொள்வோம். அந்த விகிதத்தில் ஜிஎஸ்டி மட்டும் சுமார் 23,000 ரூபாய். மேலே 12 சதவீத சாலை வரி 12,600 ரூபாய். இரண்டையும் கூட்டினால் 35,000 ரூபாய்க்கு மேல். இதோடு ஐந்து ஆண்டுக்கான மூன்றாம் நபர் காப்பீடு கட்டாயம். இந்த சிசி-க்கு அது அப்போது ஜிஎஸ்டி சேர்க்காமலே 3,851 ரூபாய்.

வேலைக்குப் போகத்தான் பைக். அதற்கு இவ்வளவு வரியா என்ற கேள்வி நியாயமானதாகவே இருந்தது. இருசக்கர வாகனங்களுக்கு ஜிஎஸ்டியை 18 சதவீதமாகக் குறைக்க வேண்டும் என்று வாகன நிறுவனங்களும் டீலர்களும் அப்போது ரொம்ப நாளாகவே கேட்டு வந்தார்கள்.

இஎம்ஐ-யில் பார்த்தால் எவ்வளவு வித்தியாசம்?

இந்த வண்டியை வாங்கப்போகும் பலர் முழுப் பணத்தையும் எண்ணி வைக்கப்போவதில்லை. லோன்தான். அதனால் விலையை மாசக் கணக்கில் பார்ப்பதுதான் சரி.

12 சதவீத வட்டி, 36 மாதம் என்று எடுத்துக்கொள்வோம். கடன் 10,000 ரூபாய் கூடினால், இஎம்ஐ மாதம் 332 ரூபாய் கூடும்.

இப்போது மைலேஜ் பக்கம் வாருங்கள். தாம்பரத்தில் வீடு, தரமணியில் வேலை. போகவர, நடுவில் அங்கே இங்கே சுற்ற என நாளுக்கு 40 கி.மீ. மாதம் 26 நாள். சென்னையில் பெட்ரோல் லிட்டர் 100 ரூபாய்க்கு மேல். லிட்டருக்கு 60 கி.மீ. கொடுக்கும் வண்டிக்கு மாதம் சுமார் 1,750 ரூபாய் ஆகும். 50 கி.மீ. கொடுக்கும் வண்டிக்கு சுமார் 2,100 ரூபாய். வித்தியாசம் 350.

அதாவது, விலையில் 10,000 ரூபாய் ஏறுவதும், மைலேஜில் 10 கி.மீ. குறைவதும் நம் பாக்கெட்டுக்கு கிட்டத்தட்ட ஒன்றுதான். ஒரு வித்தியாசம், இஎம்ஐ மூன்று வருஷத்தில் முடிந்துவிடும். மைலேஜ் வண்டி இருக்கும் வரை கூடவே வரும்.

ஹார்னெட்டின் உண்மையான சோதனை இதுதான். 5.4 விநாடி என்பது சிக்னலில் பச்சை விழும்போது இனிக்கும். ஆனால் நிஜ டிராஃபிக்கில் எஸ்பி125 அளவுக்கு மைலேஜ் கொடுத்தால் மட்டும்தான், கூடுதல் விலையை வீட்டில் நியாயப்படுத்த முடியும்.

தங்க ஃபோர்க்கை விட முக்கியமான ஒன்று

எல்லோரும் ஃபோர்க்கைப் பற்றிப் பேசுகிறார்கள். ஆனால் இந்த வண்டியில் நாம் பேச வேண்டியது ஏபிஎஸ்.

திடீரென்று பிரேக் அடிக்கும்போது சக்கரம் சுழல்வதை நிறுத்தி அப்படியே சறுக்கும். அப்போது ஹேண்டில் நம் பேச்சைக் கேட்காது. அந்த சறுக்கலைத் தடுப்பதுதான் ஏபிஎஸ்ஸின் வேலை. சிங்கிள் சேனல் என்றால் முன்சக்கரத்துக்கு மட்டும் அந்தப் பாதுகாப்பு. மழை பெய்த ரோட்டில், மணல் கிடக்கும் திருப்பத்தில், பஸ் திடீரென ஒதுங்கும் நேரத்தில் இதன் அருமை தெரியும்.

2019 ஏப்ரல் முதல் 125 சிசி-க்கு மேற்பட்ட பைக்குகளுக்கு ஏபிஎஸ் கட்டாயம். 125 சிசி வரை சிபிஎஸ் எனப்படும் இணைந்த பிரேக் இருந்தால் போதும் என்பது அப்போதைய விதி. இந்தச் சலுகையால்தான் 125 சிசி வண்டிகள் விலை குறைவாக இருந்தன. லுக்கில் ஸ்போர்ட்ஸ் பைக், பிரேக்கில் சாதா பைக்.

இதற்கு நாம் கொடுக்கும் விலை என்ன? மத்திய அரசின் சாலை விபத்து அறிக்கைப்படி 2022-ல் இந்தியாவில் சாலை விபத்துகளில் உயிரிழந்தவர்கள் 1,68,491 பேர். அதில் 74,897 பேர் இருசக்கர வாகனத்தில் சென்றவர்கள். நூற்றுக்கு 44 பேருக்கும் மேல். அந்த ஆண்டு அதிக விபத்துகள் நடந்த மாநிலம் நம் தமிழ்நாடு.

இந்த நிலைமையை மாற்றத்தான் 2025 ஜூனில் மத்திய சாலைப் போக்குவரத்து அமைச்சகம் ஒரு வரைவு அறிவிப்பை வெளியிட்டது. 2026 ஜனவரி 1 முதல் தயாராகும் புது இருசக்கர வாகனங்களுக்கு, சிசி குறைவாக இருந்தாலும், ஏபிஎஸ் கட்டாயமாக்கப்பட வேண்டும் என்பது அதன் சாரம். வண்டி வாங்கும்போது தரச்சான்று பெற்ற இரண்டு ஹெல்மெட் கொடுக்க வேண்டும் என்பதும் அதில் இருந்தது. ஹார்னெட் அறிமுகமானபோது இது வரைவாகத்தான் இருந்தது.

இது சந்தையை எப்படி மாற்றும்?

எக்ஸ்ட்ரீம் 125ஆர் வந்தபோது ஏபிஎஸ் இல்லாத வேரியன்ட் 95,000 ரூபாய், ஏபிஎஸ் உள்ள வேரியன்ட் 99,500 ரூபாய். இடைவெளி 4,500. பல்சர் என்எஸ்125-இலும் ஏபிஎஸ் வேரியன்ட் உண்டு, 2025 ஜூலையில் அதன் விலை 1 லட்சத்துக்கு மேல் இருந்தது. ரெய்டரிலும் பல்சர் என்125-இலும் அப்போது ஏபிஎஸ் இருக்கவில்லை.

விதி அமலுக்கு வந்தால், ஏபிஎஸ் இல்லாத வண்டிகள் எல்லாம் அதைச் சேர்த்தாக வேண்டும். விலையும் ஏறும். ரெய்டர் போன்ற வண்டிகளுக்கு அப்போது இருந்த விலை அனுகூலம் குறையும். ஹார்னெட் ஆரம்பத்திலேயே ஏபிஎஸ்ஸோடு வந்ததால் அந்தக் காரணத்துக்காக விலை ஏற்றத் தேவையிருக்காது. ஹோண்டா அந்த நேரத்தில் இந்த வண்டியை இறக்கியதில் இந்தக் கணக்கும் இருந்திருக்கலாம்.

விலை ஏறிய 125-க்கு என்ன நடக்கும்?

உதாரணத்துக்கு வேறெங்கும் போக வேண்டாம். கேடிஎம் 125 டியூக் 2018 நவம்பரில் 1.18 லட்சம் ரூபாய்க்கு வந்தது. அதிலும் யுஎஸ்டி ஃபோர்க் உண்டு, ஏபிஎஸ் உண்டு. பவரும் அதிகம். ஆனால் விலை ஏறிக்கொண்டே போய் 1.80 லட்சத்தை எட்டியது. 2025-ல் அந்த வண்டி இந்திய விற்பனையிலிருந்தே விடைபெற்றது.

125 சிசி என்ற எண்ணுக்கு மக்கள் மனதில் ஒரு விலை இருக்கிறது. வண்டி எவ்வளவு நல்லதாக இருந்தாலும், அந்த விலையை விட்டு ரொம்ப தூரம் போனால் கூட வர ஆள் இருக்காது.

அப்போது எங்கள் கணிப்பு என்ன?

1.05 லட்சம் வரை விலை இருந்தால்: ரெய்டருக்கும் எக்ஸ்ட்ரீமுக்கும் நேரடி தலைவலி. ஹோண்டா எஞ்சின் மேல் மக்களுக்கு ஏற்கெனவே நம்பிக்கை இருக்கிறது. அதோடு லுக்கும் ஏபிஎஸ்ஸும் சேர்ந்தால் சில ஆயிரம் வித்தியாசத்தை யாரும் பெரிதாக எடுத்துக்கொள்ள மாட்டார்கள்.

1.05 முதல் 1.12 லட்சம் வரை இருந்தால்: நகரங்களில் ஓடும், சின்ன ஊர்களில் யோசிப்பார்கள். ஏபிஎஸ் விதி அமலுக்கு வந்த பிறகுதான் உண்மையான வேகம் பிடிக்கும்.

1.15 லட்சத்தைத் தாண்டினால்: 160 சிசி வண்டிகளின் நிழலில் நிற்க வேண்டி வரும். ரீல்ஸில் வைரல் ஆகலாம், ரோட்டில் அந்த அளவுக்குப் பார்க்க முடியாது.

இன்னொரு விஷயம், நேரம். புக்கிங் தொடங்கும் நாளாகச் சொன்ன ஆகஸ்ட் 1 ஆடி மாதத்தில் வந்தது. ஆகஸ்ட் 3 ஆடிப்பெருக்கு அன்று சிலர் வண்டி எடுப்பார்கள். மற்றவர்கள் "ஆவணி பிறக்கட்டும்" என்பார்கள். அதற்குப் பிறகு ஆயுத பூஜை, தீபாவளி என்று வரிசையாகப் பண்டிகைகள். 2024-25 நிதியாண்டில் இந்தியாவில் சுமார் 1 கோடியே 96 லட்சம் இருசக்கர வாகனங்கள் விற்றன. இந்தப் பெரிய சந்தையில் எந்த வண்டிக்கு எவ்வளவு பங்கு என்பதை பெரும்பாலும் இந்தப் பண்டிகை மாதங்கள்தான் முடிவு செய்யும்.

வாங்கும் எண்ணம் இருந்தால் இதை கவனிங்க

* எக்ஸ் ஷோரூம் விலையை மட்டும் கேட்டுவிட்டு வராதீர்கள். ஆன் ரோடு விலையை ஒவ்வொரு வரியாகப் பிரித்து எழுதித் தரச் சொல்லுங்கள். தேவையில்லாத ஆக்சஸரீஸ் இருந்தால் வேண்டாம் என்று சொல்லலாம்.

* லோன் வட்டி 'ஃப்ளாட்'டா, குறையும் அசலுக்கானதா என்று கேளுங்கள். 90,000 ரூபாய் கடனுக்கு 36 மாதம், 10 சதவீதம் ஃப்ளாட் என்றால் இஎம்ஐ 3,250 ரூபாய். குறையும் அசலுக்கு 10 சதவீதம் என்றால் சுமார் 2,900 ரூபாய்தான். ஃப்ளாட் 10 என்பது உண்மையில் 18 சதவீத வட்டிக்குச் சமம்.

* டெஸ்ட் ரைடு போகும்போது வீட்டில் பின்னால் உட்காரப் போகிறவரையும் கூட்டிப்போங்கள். அம்மாவோ மனைவியோ அந்த சீட்டில் வசதியாக உட்கார முடியாவிட்டால், வண்டி எடுத்த மறுநாளே பிரச்சினை தொடங்கிவிடும்.

* பட்ஜெட் இடித்தால் திரை, ப்ளூடூத், கலர் இவற்றில் விட்டுக்கொடுங்கள். ஏபிஎஸ்ஸில் விட்டுக்கொடுக்காதீர்கள். எந்த கம்பெனி வண்டியாக இருந்தாலும் சரி.

கடைசியாக ஒன்று. எக்ஸ்ட்ரீம் கணக்குப்படி ஏபிஎஸ்ஸுக்கான கூடுதல் செலவு 4,500 ரூபாய். மூன்று வருஷ இஎம்ஐ-யில் அது மாதம் 150 ரூபாய், நாளுக்கு ஐந்து ரூபாய். டீக்கடையில் ஒரு டீக்குக்கூட அது போதாது. ஹார்னெட் ஜெயிக்குமா, ரெய்டர் ஜெயிக்குமா என்பது கம்பெனிகளின் கவலை. வேலை முடிந்து வண்டி பத்திரமாக வீடு வந்து சேருமா என்பதுதான் நம் கவலை. விலையை முதலில் அந்தக் கண்ணால் பாருங்கள்.